கயானாவில் கப்பல் வேலை: வெனிசுவேலா எல்லைத் தகராறைப் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கடல்வழி | 2025 நவம்பர்

வணக்கம். நான் மூன்றாம் எஞ்சினியர். இதுவரை சரக்குக் கப்பல்களில்தான் ஓடியிருக்கிறேன். இப்போது கயானாவின் கடலில் நிற்கும் எண்ணெய் உற்பத்திக் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகும் சப்ளை கப்பல் ஒன்றில் இடம் வந்திருக்கிறது. ஜார்ஜ்டவுன்தான் தளம். சம்பளம் நான் இப்போது வாங்குவதைவிட நிறையவே அதிகம்.

அப்பா ஏதோ செய்தியைப் படித்துவிட்டு, "அந்த நாட்டின் முக்கால்வாசியைப் பக்கத்து நாடு தன்னுடையது என்கிறதாமே, அங்கேயா போகப்போகிறாய்?" என்கிறார். இணையத்தில் தேடினால் பாதிப் பேர் எண்ணெயைக் கண்டதும் வெனிசுவேலா பறிக்கப் பார்க்கிறது என்கிறார்கள். மீதிப் பேர் கயானா எக்ஸான் கம்பெனியின் கைப்பாவை என்கிறார்கள். இரண்டையுமே முழுதாக நம்ப மனம் ஒப்பவில்லை. உண்மையில் நியாயம் யார் பக்கம்? போர் வருமா? அங்கே ஆட்சியில் இருப்பவர்கள் இந்திய வம்சாவளியினர் என்கிறார்களே, அது நம்மவர்களுக்குச் சாதகமா?

---

பழைய கணக்குப்பிள்ளை

தம்பி, நான் அந்த நாட்டில், அதுவும் வெனிசுவேலா உரிமை கொண்டாடும் பகுதியிலேயே, சில வருடம் வாழ்ந்தவன். எசெக்கிபோ கரையில் அன்னா ரெஜினாவுக்குப் பக்கத்தில் ஒரு நெல் ஆலை. அதன் கணக்கு என் பொறுப்பு. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் அப்பா சொன்னது ஏறக்குறையச் சரி. கயானாவின் மொத்தப் பரப்பு சுமார் 2,15,000 சதுர கிலோமீட்டர். வெனிசுவேலா கேட்பது எசெக்கிபோ ஆற்றுக்கு மேற்கே உள்ள 1,59,500 சதுர கிலோமீட்டர். நாட்டின் மக்கள்தொகையே 8 லட்சத்தைச் சுற்றித்தான். பெரும்பாலானவர்கள் கிழக்கே கடலோரத்தில் நெருங்கி வாழ்கிறார்கள். மேற்கே காடு, தங்கச் சுரங்கங்கள், கெய்ட்டூர் அருவி, ரூபுனுனி புல்வெளி, ஆதிகுடிகளின் கிராமங்கள். கடலை ஒட்டி மட்டும் ஒடுங்கிய ஒரு பட்டையில் நெல்வயல். என் பிழைப்பு அந்தப் பட்டையில்தான் ஓடியது.

எண்ணெய்க்காக வந்த சண்டை என்பவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு வருடம்: 1962. வெனிசுவேலா இந்தக் கோரிக்கையை ஐ.நா.வில் எழுப்பிய வருடம் அது. எண்ணெய் கிடைத்ததோ 2015-ல். நடுவில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருக்கிறது.

அதற்கும் முந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1600களின் தொடக்கத்திலேயே மஸருனி, குயுனி ஆறுகள் சேருமிடத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்துவிட்டார்கள். 1814-ல் அவர்களிடமிருந்து பிரிட்டன் அந்தக் குடியேற்றங்களைப் பெற்றபோது மேற்கு எல்லை எது என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை. அத்தனை வம்பும் அந்த எழுதாத வரியில்தான் தொடங்குகிறது. பிரிட்டன் சார்பில் ஷொம்பர்க் என்பவர் ஒரு கோடு போட்டார், வெனிசுவேலா ஏற்கவில்லை. குயுனிப் பக்கம் தங்கம் கிடைத்ததும் பிரிட்டன் அந்தக் கோட்டுக்கும் அப்பால் நிலம் கேட்க ஆரம்பித்தது. 1895-ல் அமெரிக்கா உள்ளே புகுந்து அதட்டவே பிரிட்டன் நடுவர் மன்றத்துக்கு இறங்கிவந்தது. 1899 அக்டோபர் 3 அன்று பாரிஸில் தீர்ப்பு. ஒரினோக்கோ ஆற்றின் முகத்துவாரம் வெனிசுவேலாவுக்குப் போயிற்று. தகராறில் இருந்த நிலத்தில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு. இரு தரப்பும் சேர்ந்து காட்டுக்குள் அலைந்து எல்லையைக் குறித்து 1905-ல் கையெழுத்திட்டன.

பிறகு பல பத்தாண்டுகள் சத்தமில்லை. 1962-ல் ஏன் திடீரென்று? பிரிட்டிஷ் கயானா அப்போது சுதந்திரத்தின் வாசலில் நின்றது. முன்னால் நின்றவர் சேடி ஜெகன் என்ற இடதுசாரி. கியூபாவுக்குப் பிறகு இன்னொன்றா என்று வாஷிங்டன் பதறிக்கொண்டிருந்த காலம். எல்லைக் கோரிக்கை எழுந்த நேரத்தை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். 1966 பிப்ரவரி 17-ல் ஜெனீவாவில் ஓர் உடன்படிக்கை போட்டார்கள். மே 26-ல் கயானா சுதந்திர நாடானது. அக்டோபரிலேயே குயுனி ஆற்றிலுள்ள அங்கோக்கோ தீவின் கயானாப் பாதியில் வெனிசுவேலப் படை ஏறி உட்கார்ந்தது, இன்றுவரை இறங்கவில்லை. 1969 ஜனவரியில் ரூபுனுனியின் மாட்டுப் பண்ணைக் குடும்பங்கள் சில, வெனிசுவேலா கொடுத்த ஆயுதத்தோடும் பயிற்சியோடும் லெத்தெம் போலீஸ் நிலையத்தைத் தாக்கிப் போலீஸ்காரர்களைக் கொன்றன. கயானா ராணுவம் விமானத்தில் போய் அடக்கியது. இத்தனைக்கும் நடுவில் கடலில் எண்ணெய் இருப்பது யாருக்கும் தெரியாது.

இனி நான் கண்ணால் கண்டது.

2015 மே மாதம். 11-ஆம் தேதி பொதுத்தேர்தல். 23 வருடம் ஆண்ட மக்கள் முற்போக்குக் கட்சி தோற்றது, ஓய்வுபெற்ற பிரிகேடியர் டேவிட் கிரேஞ்சர் அதிபரானார். 20-ஆம் தேதி, லிசா-1 கிணற்றில் எண்ணெய் என்று எக்ஸான் மொபில் அறிவித்தது. அடுத்த வாரமே, எசெக்கிபோவுக்கு எதிரே உள்ள கடலையும் சேர்த்துத் தன் பாதுகாப்பு மண்டலம் என்று அப்போதைய வெனிசுவேல அதிபர் மதுரோ ஓர் ஆணை போட்டார். ஜார்ஜ்டவுனில் எல்லாரும் கடலைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் ஆலையில் பேச்செல்லாம் நெல்லைப் பற்றித்தான்.

ஏனென்றால் பெட்ரோகரீபே திட்டத்தில் வெனிசுவேலாவிடம் எண்ணெய் வாங்கிய கடனை கயானா அரிசியும் நெல்லும் அனுப்பித்தான் கழித்துக்கொண்டிருந்தது. மற்ற நாடுகள் கொடுத்ததைவிட நல்ல விலை. தன் நிலம் என்று பள்ளிக்கூட வரைபடத்தில் வெனிசுவேலா கோடு கோடாக அடித்து வைத்திருக்கும் அதே வயலில் விளைந்த நெல்லைக் காசு கொடுத்து வாங்கியதும் வெனிசுவேலாதான். அதில் யாருக்கும் கூச்சமில்லை. ஜூலையில் தகவல் வந்தது: நவம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை.

அறுவடைக் காலத்தில் அந்தக் கரையில் தார்ச்சாலையில்தான் நெல் காயவைப்பார்கள். ஒரு பக்கச் சாலை முழுக்க நெல், மறுபக்கம் வண்டி போகும். ஓரத்தில் நெல்லைக் கிளறிவிடும் பெண்கள். அந்தப் பருவத்தில் நெல் காய்ந்து, மூட்டையாகி, ஆலை வாசலில் அடுக்கி நின்றது. வாங்க ஆளில்லாமல் இல்லை, விலைதான் இல்லை. ஆலை விவசாயிக்குத் தர வேண்டிய பாக்கியை நான் ஒரு பேரேட்டில் எழுதிவைப்பேன். காலையில் கதவைத் திறக்கும்போதே நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒரு முதியவர் கத்தமாட்டார், கேட்கமாட்டார். தன் ரசீதுகளை மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்திருப்பார், அதை என் மேசையில் வைத்துவிட்டுப் பதில் சொல்லும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். எல்லைத் தகராறு என்றால் எனக்கு அந்த உறைதான். பீரங்கி எதுவும் வெடிக்கவில்லை, ஒரு சிப்பாயும் ஆற்றைத் தாண்டவில்லை. ஆனாலும் எங்கள் ஊர் அடிவாங்கியது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், "போர் வருமா" என்று கேட்டு "வராது" என்ற பதிலோடு நீங்கள் நிம்மதியடைந்துவிடக் கூடாது. பெரும் போர் வருவதற்கு வழி குறைவுதான். இரு நாட்டுக்கும் நடுவே ஒரு சாலைகூடக் கிடையாது, அடர்ந்த காடு. தரைவழியாகக் கனரகப் படை வர வேண்டுமென்றால் பிரேசிலின் ரொராய்மா வழியாகத்தான் வர வேண்டும். 2023 டிசம்பர் பதற்றத்தின்போது பிரேசில் அங்கே படையைக் கூட்டி வாசலை அடைத்துக் காட்டிவிட்டது. ஆனால் இந்த எல்லை வேறு விதமாக ஆளைத் தொடும். எங்களைச் சந்தை வழியாகத் தொட்டது. உங்களை எப்படித் தொடும் என்பதைக் கடலறிந்த யாராவது இங்கே சொல்லட்டும்.

அரசியலுக்கு வருகிறேன். "இந்திய வம்சாவளி ஆட்சி நமக்குச் சாதகமா?" என்று கேட்டீர்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் அங்கே இறங்க வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி இந்திய வம்சாவளியினர் ஏறக்குறைய 40 விழுக்காடு, ஆப்பிரிக்க வம்சாவளியினர் 30-க்குச் சற்றுக் குறைவு, கலப்பினத்தவர் 20, ஆதிகுடிகள் 10. மக்கள் முற்போக்குக் கட்சி இந்தியர்களின் கட்சியாகவும், மக்கள் தேசிய காங்கிரஸ் ஆப்பிரிக்கர்களின் கட்சியாகவும் வளர்ந்தன. ஆரம்பத்தில் ஜெகனும் ஃபோர்ப்ஸ் பர்னமும் ஒரே கட்சியில் இருந்தவர்கள். 1953 தேர்தலில் சேர்ந்து ஜெயித்தார்கள். 133 நாளில் பிரிட்டன் அரசியல் சட்டத்தையே நிறுத்திவைத்து அவர்களை இறக்கியது. பிறகுதான் பிரிந்தார்கள், வாக்கும் இனவாரியாகப் பிரிந்தது. அந்தப் பிளவு எவ்வளவு ஆழம் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். கணக்குப்பிள்ளைக்கு அது மறக்காது.

2018 டிசம்பர் 21. 65 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் கிரேஞ்சர் அரசின் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆளும் தரப்பு உறுப்பினர் ஒருவர் மாற்றி வாக்களிக்க, 33-க்கு 32 என்று நிறைவேறியது. ஆட்சி கவிழ்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? அரசு தரப்பு கண்டுபிடித்தது: 65-ல் பாதி 32.5, அரை ஆள் கிடையாதாகையால் அதை 33 ஆக்கு, பாதியே 33 என்றால் பெரும்பான்மை 34! இதை நீதிமன்றத்தில் வாதாடினார்கள், நடுவில் ஒரு நீதிமன்றம் ஏற்றும் கொண்டது. 2019 ஜூனில் கரீபிய நீதிமன்றம்தான் 33 போதும் என்று சொல்லி முடித்துவைத்தது. அடுத்து 2020 மார்ச் 2 தேர்தல். முடிவை அறிவிக்க ஐந்து மாதம். மறு எண்ணிக்கை, வழக்குக்கு மேல் வழக்கு, வெளிநாட்டுத் தூதர்களின் நெருக்கடி. கடைசியில் ஆகஸ்ட் 2-ல் மக்கள் முற்போக்குக் கட்சியின் இர்ஃபான் அலி அதிபராகப் பதவியேற்றார்.

இப்படி அரை ஓட்டுக்கு அடித்துக்கொள்ளும் இரண்டு கட்சிகளும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒரு குரலில் பேசும்: எசெக்கிபோ. அது நல்லதுதான். ஆனால் அந்த ஒற்றுமையின் நிழலில் சில கேள்விகள் ஒதுங்கிவிடுகின்றன. 2016-ல் எக்ஸானுடன் புது ஒப்பந்தம் போட்டபோது கிரேஞ்சர் அரசு 1.8 கோடி அமெரிக்க டாலரைக் கையெழுத்துப் பணமாக வாங்கியது. நாட்டுக்குச் சொல்லவில்லை. 2017 டிசம்பரில் நிதியமைச்சகக் கடிதம் ஒன்று கசிந்த பிறகுதான் வெளியே வந்தது. ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால், அதில் 1.5 கோடி வெனிசுவேலா வழக்குச் செலவுக்கு, தேசப் பாதுகாப்பு விஷயம் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள். ஒப்பந்தமோ இப்படி: கிடைக்கும் எண்ணெயில் 75 விழுக்காடு வரை கம்பெனிகள் செலவுக்கென்று எடுத்துக்கொள்ளலாம், மீதியில் பாதி நாட்டுக்கு, அதோடு 2 விழுக்காடு ராயல்டி. எதிர்க்கட்சியாக இருந்தபோது மக்கள் முற்போக்குக் கட்சி இதைக் கிழித்துத் தொங்கவிட்டது. ஆட்சிக்கு வந்ததும் ஒப்பந்தம் புனிதமானது, திருத்தமாட்டோம் என்கிறது. எல்லையில் வெனிசுவேலா நிற்கும்போது, காவலுக்கு வரக்கூடிய பெரியவர்களோடு யார் பேரம் பேசுவார்கள்? வெளியே யாரும் இப்படிச் சொல்வதில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

---

நடுநிலையான்

கணக்குப்பிள்ளை ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் 1899 தீர்ப்பை மிக எளிதாகக் கடந்துவிட்டீர்கள். வெனிசுவேலாவின் தரப்பையும் சொல்ல வேண்டாமா?

அந்த நடுவர் மன்றத்தில் ஐந்து பேர்: இரண்டு பிரிட்டிஷார், இரண்டு அமெரிக்கர், தலைவராக ரஷ்யாவின் மார்ட்டென்ஸ். வெனிசுவேலாக்காரர் ஒருவர்கூட இல்லை. இத்தனை பெரிய நிலத்தைப் பிரித்துவிட்டுக் காரணம் எழுதாமல் எழுந்துபோனார்கள். வெனிசுவேலாவுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான மாலெ-பிரெவோ, மார்ட்டென்ஸும் பிரிட்டனும் திரைமறைவில் பேரம் பேசி முடித்ததாக ஒரு குறிப்பு எழுதிவைத்திருந்தார். அவர் இறந்த பிறகு 1949-ல் அது வெளியானது. ஒரு பேரரசும் பலவீனமான ஒரு குடியரசும் மோதிய வழக்கு இது. வெனிசுவேலாவில் மதுரோவை வெறுக்கும் எதிர்க்கட்சிகள்கூட எசெக்கிபோ கோரிக்கையைக் கைவிடவில்லை என்றால், அது ஒரு சர்வாதிகாரியின் கிறுக்குத்தனம் மட்டுமாக இருக்க முடியாது. இன்று கயானா சிறிய நாடு என்பதாலேயே 1899-ல் பிரிட்டன் செய்தது நியாயமாகிவிடாது.

---

பழைய கணக்குப்பிள்ளை

நடுநிலையான் அவர்களே, காரணம் எழுதாத தீர்ப்பு என்பது உறுத்தத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு அமெரிக்கர்களும் வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1897 ஒப்பந்தத்திலேயே பெயர் குறித்திருக்கிறது. ஒருவர் அமெரிக்கத் தலைமை நீதிபதி ஃபுல்லர். அவரை நியமித்தவர் வெனிசுவேலாவின் அதிபர். தீர்ப்பும் ஒருமனதானது, ஃபுல்லரும் கையெழுத்திட்டிருக்கிறார். மாலெ-பிரெவோ குறிப்பு எழுதப்பட்டது 1944-ல், நிகழ்ந்து 45 வருடம் கழித்து. வெளியானபோது அந்த அறையில் இருந்தவர்களில் பதில் சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. தணிக்கைக்கு இப்படி ஒரு வவுச்சர் வந்திருந்தால் நான் ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருப்பேன்.

எதிர்க்கட்சிகளும் விடவில்லை என்கிறீர்களே, அதை முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் கராகஸில் ஆள் மாறினால் தகராறு தீர்ந்துவிடும் என்று நான் நம்புவதில்லை. பாருங்கள், இந்த விஷயத்தில் மிகவும் இறங்கிவந்தவர் மதுரோவுக்கு முன் அதிபராக இருந்த சாவேஸ். 2004-ல் ஜார்ஜ்டவுனுக்கு வந்து, எசெக்கிபோவில் மக்களுக்குப் பயன்படும் திட்டங்களுக்குக் குறுக்கே நிற்கமாட்டோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதே சாவேஸ்தான் 2006-ல் தேசியக் கொடியில் எட்டாவது நட்சத்திரத்தைச் சேர்த்தார். பழைய குவயானா மாகாணத்தைக் குறிப்பது அது.

நியாயத்தை இப்போது சர்வதேச நீதிமன்றம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஐ.நா.வின் நல்லெண்ணத் தூதர்களை வைத்து 1990 முதல் பேசிப் பார்த்தும் ஒன்றும் நடக்காததால், 2018 ஜனவரியில் பொதுச் செயலாளர் குட்டெரெஸ் இதை ஹேக் நகரத்துக்கு அனுப்பினார். விசாரிக்க அதிகாரம் உண்டு என்று 2020 டிசம்பரில் நீதிமன்றம் 12-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. அதில் கவனிக்க வேண்டிய ஒரு வரம்பு உண்டு: 1899 தீர்ப்பு செல்லுமா என்பதையும், அதிலிருந்து வரும் நில எல்லையையும் பார்க்கும், 1966 ஜெனீவா உடன்படிக்கைக்குப் பின் நடந்தவற்றால் எழும் புகார்களைத் தொடாது. அந்த நீதிமன்றத்தையே ஏற்கமாட்டோம் என்கிறது வெனிசுவேலா. ஆனால் விசாரணைக்கு மட்டும் ஆள் அனுப்பும். 2023 நவம்பரில் அப்போதைய துணை அதிபர் டெல்சி ரோட்ரிகஸே போய்ப் பேசினார்.

டிசம்பர் 1 அன்று, இப்போதுள்ள நிலையை மாற்றக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. மூன்றாம் தேதி மதுரோ வாக்கெடுப்பு நடத்தினார். ஐந்து கேள்வி, ஐந்தாவது, அங்கே குவயானா எசெக்கிபா என்று ஒரு மாநிலம் அமைத்துக் குடியிருப்பவர்களுக்கு வெனிசுவேலக் குடியுரிமை தரலாமா என்பது. 95 விழுக்காட்டுக்கு மேல் ஆம் என்றார்கள் என்று அறிவித்தார்கள். அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களை மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த ஆண்டு மே 25-ல் அதற்கு ஓர் ஆளுநரையும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எசெக்கிபோவில் ஒரு வாக்குச்சாவடிகூட இல்லாமல். கயானா தன் கையில் வைத்திருக்கும் நிலத்துக்கு வெனிசுவேலா ஆளுநர் போட்டிருக்கிறது. சம்பளப் பட்டியலில் அவருக்குப் பணியிடம் என்று எந்த ஊரை எழுதுகிறார்களோ!

கயானாக்காரர்கள் வெனிசுவேலாக்காரர்களை வெறுக்கிறார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். பர்னம் ஆட்சிக் காலத்தில், 1980களில், கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை; மாவு கள்ளத்தனமாக வந்த வழிகளில் வெனிசுவேலாவும் ஒன்று. வயிற்றுப்பாட்டுக்காக அங்கே குடிபோன கயானாக்காரர்கள் ஆயிரக்கணக்கில். இப்போது திசை திரும்பியிருக்கிறது: அவர்களுடைய பிள்ளைகள் ஸ்பானியம் பேசிக்கொண்டு ஜார்ஜ்டவுன் ஓட்டல்களில் பரிமாறுகிறார்கள்.

---

இரண்டாம் எஞ்சினியர்

அரசியலுக்குள் நான் போகவில்லை. அந்தக் கடலில் வேலை பார்த்தவன் என்ற முறையில், ஐயா கேட்டதற்குப் பதில்.

நில எல்லை கடலைத் தொடும் இடம் புந்தா பிளாயா. அங்கிருந்து கடலுக்குள் கோடு எப்படிப் போகிறது என்று இரு நாடும் இன்னும் முடிவு செய்யவில்லை. சிக்கல் வந்ததெல்லாம் பெரும்பாலும் மேற்குப் பக்கத்தில். 2013 அக்டோபரில் டெக்னிக் பெர்டானா என்ற ஆய்வுக் கப்பலை வெனிசுவேலக் கடற்படை மடக்கி மார்கரிட்டா தீவுக்குக் கொண்டுபோனது. மாலுமிகளைப் பிறகு விட்டுவிட்டார்கள். 2018 டிசம்பரில் எக்ஸானுக்காக ஆய்வு செய்த கப்பலை வழிமறித்தார்கள். அது திரும்பிக் கிழக்கே போய்விட்டது. 2021 ஜனவரியில் கயானாவின் மீன்பிடிப் படகுகள் இரண்டைப் பிடித்துப்போய்ச் சில வாரம் கழித்து விட்டார்கள்.

உற்பத்திக் கப்பல்கள் நிற்பது இன்னும் கிழக்கே. அங்கும் இந்த ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி வெனிசுவேல ரோந்துக் கப்பல் ஒன்று வந்து, பிராஸ்பெரிட்டி உட்பட ஒவ்வொன்றையும் ரேடியோவில் அழைத்து, நீங்கள் தகராறில் உள்ள கடலில் நிற்கிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. சுடவில்லை, ஏறவில்லை. உற்பத்தியும் நிற்கவில்லை. அதன் பிறகு அமெரிக்கப் போர்க்கப்பலும் கயானாக் கடற்படையும் சேர்ந்து பயிற்சி நடத்தின.

உற்பத்திக் கப்பல்கள் நிற்கும் எண்ணெய்ப் பகுதியான ஸ்டாப்ரோக் பிளாக்கில் எத்தனை விழுக்காடு பங்கு யாருக்கு என்று பாருங்கள்: எக்ஸானுக்கு 45, ஹெஸ்ஸுக்கு 30, சீனாவின் சிநூக் கம்பெனிக்கு 25. ஹெஸ்ஸை இந்த ஜூலையில் செவ்ரான் வாங்கிவிட்டது. செவ்ரான் வெனிசுவேலாவிலும் எண்ணெய் எடுக்கிறது. சீனா வெனிசுவேலாவுக்குக் கடன் கொடுத்த நாடு. அந்தக் கப்பல்கள்மேல் கை வைத்தால் எதிரியோடு நண்பர்களையும் சேர்த்துப் பகைத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: ஒப்பந்தத்தில் எந்தக் கடல் பகுதி என்று பாருங்கள். உற்பத்திக் கப்பல்களுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவே மட்டும் ஓடும் சப்ளை கப்பலா, அல்லது ஆய்வுக் கப்பல்களுக்குத் துணையாகப் போவதும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். போர் அபாயப் பகுதி அறிவிக்கப்பட்டால் கப்பலிலிருந்து இறங்கும் உரிமையும், கம்பெனி செலவில் ஊர் திரும்புவதும், கப்பலைப் பிடித்து வைத்தால் சம்பளம் தொடருமா என்பதும் அதில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதி எதற்கும் உதவாது.

---

கடல்வழி

இருவருக்கும் மிக்க நன்றி. ஆய்வுக் கப்பல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஏஜெண்டிடம் இன்றே கேட்டு எழுதுகிறேன். ஒரு சந்தேகம் மட்டும். விடுப்பில் காடு, அருவி என்று உள்ளே சுற்றிப்பார்க்க ஆசை. அது பாதுகாப்பா? செப்டம்பர் தேர்தலுக்குப் பிறகு நிலவரம் எப்படி?

---

பழைய கணக்குப்பிள்ளை

செப்டம்பர் 1 தேர்தல் அமைதியாக முடிந்தது. அலி மீண்டும் ஜெயித்தார்: 65-ல் 36. இந்த முறை பாதியைப் பற்றிச் சண்டை போட வழியில்லை. ஆச்சரியம் இரண்டாவது இடத்தில்தான். சில மாதமே ஆன புதுக் கட்சி ஒன்று, அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள தங்க வியாபாரக் குடும்பத்து இளைஞர் அஸ்ருதீன் முகமது தலைமையில், 16 இடம் பிடித்துப் பழைய எதிர்க்கட்சிக் கூட்டணியை 12-க்குத் தள்ளிவிட்டது. ஆளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஆனால் இனக் கணக்கை மட்டும் வைத்துக் கயானாவில் ஓட்டு எண்ணியவர்களுக்கு இது முதல் பெரிய அதிர்ச்சி, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

கெய்ட்டூர் அருவிக்கு ஜார்ஜ்டவுனிலிருந்து சிறு விமானம் போகிறது, தாராளமாகப் போங்கள். 226 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக விழும் தண்ணீர். லெத்தெமும் போகலாம், ஆற்றுக்கு அக்கரை பிரேசில்தான். எசெக்கிபோ கரைக்குப் போவதென்றால் பரிக்கா துறையில் வேகப்படகு ஏறுங்கள். ஆற்றின் முகத்துவாரம் கடல் மாதிரி விரிந்திருக்கும். அலை அடித்தால் படகோட்டி ஒரு தார்ப்பாயை எடுத்துக் கொடுப்பார். பயணிகளே அதைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடு வரிசையில் உட்காருங்கள், முன் வரிசையில் முதுகு முறிந்துவிடும்.

போகக் கூடாத இடம் குயுனி ஆற்றின் எல்லைப் பகுதி. அங்கே ராணுவத்தைவிடத் தங்கத்தைச் சுற்றி அலையும் ஆயுதக் கும்பல்கள்தான் ஆபத்து. பிப்ரவரியில் அந்த ஆற்றில் ரோந்து போன கயானாச் சிப்பாய்கள் ஆறு பேரைச் சுட்டுக் காயப்படுத்தினார்கள். தேர்தலுக்கு முதல் நாள், வாக்குப் பெட்டி கொண்டுபோன படகின்மேல் வெனிசுவேலக் கரையிலிருந்து குண்டு பாய்ந்ததாகக் கயானா சொன்னது, வெனிசுவேலா மறுத்தது. நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. நண்பர் யாராவது "சுரங்கம் பார்க்கலாம் வா" என்று அந்தப் பக்கம் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

அப்பாவிடம் முக்கால்வாசிக் கதையைச் சொல்லும்போது, அந்த நிலத்தின் நிர்வாகம் சுதந்திரம் பெற்ற நாளிலிருந்து கயானாவிடமே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏஜெண்ட் என்ன பதில் தருகிறார் என்று இங்கே எழுதுங்கள். இரண்டாம் எஞ்சினியர் சொன்ன அந்த மூன்று விஷயமும் எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள்.